ஐந்து லட்ச ரூபாய் அட்டையும் மாதாமாதம் வாங்கும் மாத்திரையும்

தேர்தல் வந்தாலும் பட்ஜெட் வந்தாலும் மருத்துவச் செலவைப் பற்றிய பேச்சு ஒரு தொகையில்தான் ஆரம்பிக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியபோது ஆண்டுக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் வந்து சேர்ந்ததும் 5 லட்சம். ராஜஸ்தானில் அப்போது முதலமைச்சராக இருந்த அசோக் கெலாட் 10 லட்சமாக இருந்ததை 2023 பட்ஜெட்டில் 25 லட்சமாக்கினார். அந்த வருஷக் கடைசியில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி 50 லட்சம் தருவதாக அறிக்கை வெளியிட்டது.

இந்தத் திட்டங்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை, காது கேளாத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி, புற்றுநோய்க்குக் கீமோ என்று, முன்பு நிலத்தை விற்றாலும் முடியாத வைத்தியம் எல்லாம் இந்த அட்டையால் நடந்திருக்கிறது. அப்படிப் பிழைத்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். என் ஆதங்கம் வேறு. அந்த 5 லட்சம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுக்கை போட்ட பிறகுதான் வேலை செய்யும். அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் சில நாள் செலவு, சில ஸ்கேன்கள் அதில் அடங்கும், அவ்வளவுதான். நம் வீடுகளில் நோய் பெரும்பாலும் படுக்கையாக வருவதில்லை. மாதம் ஒருமுறை டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, நாலு வகை மாத்திரை என்றுதான் வருகிறது. அந்தச் செலவுக்கு எந்த அட்டையும் கிடையாது.

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டுகிற ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ஐம்பது வயதுக்கு முன்னாலேயே சர்க்கரை வந்துவிட்டது, கூடவே பி.பி.யும். டவுனில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை மெடிக்கலில் வாங்குவார். வாரக் கூலிக்காரருக்கு ஒரு மாத மருந்தை மொத்தமாக வாங்கக் கட்டாது. பத்து நாளைக்குக் கேட்பார். கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டி, தேதி அச்சடித்த துண்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். தறிக்கு வேலை இல்லாத வாரத்தில் பத்து நாள் மருந்து இருபது நாள் ஓடும். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா என்ன தம்பி, தலைசுத்தல் ஒண்ணும் இல்லையே" என்பார். அப்படியே ஏழெட்டு வருஷம் போனது. இப்போது சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அதற்கு மட்டும் காப்பீட்டு அட்டை செல்லும். சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மாத்திரைக்குப் பணம் இல்லாமல் இருந்த மனிதருக்கு, சிறுநீரகம் போன பிறகு அரசாங்கம் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும். என் அம்மா அங்கேதான் வாங்குகிறார். போனதும் நர்ஸ் கைப்பட்டையைச் சுற்றி பி.பி. பார்ப்பார், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பார், நோட்டில் எழுதுவார். மருந்து கவுன்ட்டரில் இருக்கிற பெண் ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனிக் காகித உறை போட்டு, அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதால் உறையின் மேல் காலைக்கு ஒரு புள்ளி, ராத்திரிக்கு ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பார். "அம்மா, ஊருக்குப் போறேன்னு சொன்னீங்கள்ல, கொஞ்சம் சேர்த்தே வச்சிருக்கேன்" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். மாத்திரை அட்டையில் அரசு முத்திரையும் 'விற்பனைக்கு அல்ல' என்ற வரியும் இருக்கும். அம்மாவின் சர்க்கரை வருஷக்கணக்காகக் கட்டுக்குள் இருக்கிறது.

அண்ணாச்சி ஏன் அங்கே போகவில்லை? எங்கள் பக்கத்து நிலையத்தில் ஓ.பி. எனப்படும் வெளிநோயாளிப் பிரிவு காலையில் மட்டும். காலையில் போனால் தறி நிற்கும், அன்றைய கூலி போகும். நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலையிலும் டாக்டர் பார்க்கிறார்கள். கிராமத்து நிலையங்களிலும் வாரத்தில் இரண்டு மாலை பார்த்தாலே இவரைப் போன்ற எத்தனையோ பேருக்குப் போதும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் வந்தது. வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அருமையான யோசனை. ஆனால் அண்ணாச்சியின் பெயர் பட்டியலில் ஏறியபோது அவருடைய கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

இந்த இலவச மாத்திரைக்குப் பின்னால் இருக்கிற ஏற்பாட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியவில்லை என்பது என் வருத்தம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி 1995 ஜனவரியிலிருந்து மருந்து வாங்கத் தொடங்கியது. அதற்கு முன் அரசு ஆஸ்பத்திரி மருந்துக் கொள்முதல் என்றால் ஊழல் புகார்தான். ஆர். பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முதல் நிர்வாக இயக்குநராக இருந்து இதைக் கட்டினார். அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று. அதில் இருப்பதை மட்டும், பிராண்டு பெயர் இல்லாமல், தயாரிப்பாளரிடமே மொத்தமாக வாங்குவது. டெண்டர் இரண்டு உறைகளில் வரும். முதல் உறையில் கம்பெனியின் தகுதி. அதில் தேறினால்தான் விலை இருக்கிற இரண்டாவது உறையைப் பிரிப்பார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தரப் பரிசோதனைதான். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாது, தனியே ஒதுக்கி வைக்கப்படும். அதிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பெயரை நீக்கிக் குறியீடு போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் விநியோகம். தேறாவிட்டால் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்கும் போகலாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. தனக்கு ஒதுக்கிய தொகைக்குள், தன் நோயாளிகளுக்கு என்ன தேவையோ அதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் இருக்கிற யாரோ முடிவு செய்து மூட்டை மூட்டையாக அனுப்புகிற முறை அதோடு போனது. மெடிக்கலில் பல ரூபாய் விற்கிற பி.பி. மாத்திரை இந்த வழியில் சில பைசாவுக்கு வந்துவிடுகிறது. கேரளம் இதைப் பார்த்துத் தனக்கொரு கழகம் அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இதே மாதிரியில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. நாடு முழுக்க எடுத்துக்காட்டாகக் காட்டுகிற ஒரு சீர்திருத்தம் நம்மிடம் முப்பது வருஷமாக இருக்கிறது. ஆனாலும் தேர்தல் மேடையில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

தேசிய சுகாதாரக் கணக்கு என்று மத்திய அரசு ஒன்று வெளியிடுகிறது. 2014-15இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது 62.6 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதம். நல்ல இறக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 39 ரூபாய் சட்டைப் பையிலிருந்து போகிறது என்றால் அது லேசான சுமை இல்லை. அதில் பெரிய பங்கு மருந்துக் கடைக்கும் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் போகிறது. இந்த 39 ரூபாயை எப்படிக் குறைப்பது என்று பேசினால் பேச்சு தானாகவே மாத்திரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வந்துவிடும். 5 லட்சமா 25 லட்சமா என்று பேசினால் வராது.

அடுத்தது விலை. 2017 பிப்ரவரியில், இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கிற ஸ்டென்டுக்கு மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. டெல்லி வழக்கறிஞர் பிரேந்தர் சங்வான் உயர் நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்குதான் இதற்கு வழி திறந்தது. அதுவரை சராசரியாக 1.21 லட்சம் என்று விலை ஒட்டியிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் ஒரே நாளில் 29,600 ரூபாயானது. நம் நாட்டில் மருத்துவச் செலவைப் பற்றி எடுத்த முடிவுகளில் ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஒருசேர உதவியது இது. கம்பெனிகள் நாட்டை விட்டே போய்விடும் என்றார்கள். இன்றும் ஸ்டென்ட் தாராளமாகக் கிடைக்கிறது.

ஆனால் ஒரு பொருளின் விலையைக் கட்டுப்படுத்தினால் பக்கத்துப் பொருளின் விலை வீங்கும். என் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தபோது அந்த பில்லை வரி வரியாகப் படித்தேன். ஸ்டென்ட் அரசு நிர்ணயித்த விலைக்குள் சரியாக இருந்தது. அதற்குக் கீழே பலூன், கைடு வயர், கதீட்டர், கேத் லேப் கட்டணம், நர்சிங் சார்ஜ், எம்.ஆர்.டி. சார்ஜ் என்று இரண்டு பக்கம். கையுறைக்கு ஜோடிக் கணக்கு. ஊசிக் குழலுக்கு அட்டையில் அச்சடித்த முழு விலை. மருந்து முழுவதையும் அவர்களுடைய பார்மஸியிலேயே வாங்க வேண்டும், வெளியே வாங்கி வரக்கூடாது. எம்.ஆர்.டி. என்றால் என்ன என்று பில் கவுன்ட்டரில் கேட்டேன். "நோயாளியோட ரெக்கார்டு வைக்கிறதுக்கு சார்" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மொத்தம் இரண்டரை லட்சத்தை ஒட்டி வந்தது.

2018இல் அதே விலை ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை என்று அதில் இருந்தது. அச்சடித்த விலைக்கு மேல் நோயாளியிடம் மருத்துவமனை வாங்குவதில்லை. அச்சடிக்கிற விலையே தனக்கு லாபமாக இருக்கும்படி கம்பெனியிடம் பேசிவிடுகிறது. உள்ளே படுத்திருக்கிற நோயாளி பேரம் பேச முடியுமா? எதிர்க்கடைக்குப் போக முடியுமா? சந்தை விலையைத் தீர்மானிக்கட்டும் என்று சொல்கிறவர்கள் ஐ.சி.யு. வாசலில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பெரியப்பாவுக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்குள் இருந்தால்தான் முதலமைச்சர் திட்டத்தில் சேர முடியும். அவருடைய பென்ஷன் அதைவிடக் கொஞ்சம் கூட. எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும் ஆயுஷ்மான் அட்டை என்பது 2024 கடைசியில்தான் வந்தது, அப்போது அவருக்கு எழுபதும் ஆகவில்லை. இப்படி இரண்டு பக்கமும் சேராமல் நிற்கிறவர்கள் நாட்டில் சுமார் 40 கோடிப் பேர் என்று 2021இல் மத்திய அரசின் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. தனியார் பாலிசி எடுக்கலாமே என்றால், அறுபதைத் தாண்டியவருக்குப் பிரீமியம் கட்டுப்படியாகாது. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பரில் எடுத்தார்கள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை அனுமதி இல்லாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அதே வருஷ ஜனவரியில் காப்பீட்டு ஆணையம் சொன்னது. இரண்டும் நல்லதே. ஆனால் மருத்துவமனை பில்லைத் தொடாமல் பிரீமியத்தை மட்டும் எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்?

கட்டண வரம்புக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த விதிகளில், மத்திய அரசு மாநிலங்களோடு பேசி நிர்ணயிக்கிற வரம்புக்குள் கட்டணம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அப்படி எதுவும் நிர்ணயிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கேட்டுக் கோபப்பட்டது. அரசு மருத்துவமனையில் சுமார் 10,000 ரூபாயில் முடிகிற கண்புரை அறுவைக்குத் தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை வாங்குகிறார்கள் என்பது மனுதாரர்களின் வாதம். மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் கட்டணத்தையே தற்காலிகமாக எல்லோருக்கும் வைக்கலாமா என்று நீதிமன்றம் கேட்டதும் மருத்துவர் சங்கங்கள் கொதித்தன.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் டவுனில் இருபது படுக்கை வைத்து ஒரு டாக்டர் தம்பதி நர்சிங் ஹோம் நடத்துகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் அந்த அம்மா இறங்கி வருவார். அவர்களுக்கும் சென்னையில் ஐந்நூறு படுக்கை வைத்திருக்கிற கார்ப்பரேட்டுக்கும் ஒரே கட்டணப் பட்டியல் போட்டால் முதலில் மூடப்படுவது நர்சிங் ஹோம்தான். காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தருகிற பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, வருகிற பணமும் மாதக்கணக்கில் தாமதம் என்ற புகாரும் பொய் இல்லை. ஹரியாணாவில் 2025 ஆகஸ்டில் நிலுவைக்காகத் தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் சிகிச்சையையே நிறுத்தின. ஊருக்குத் தக்க, படுக்கை எண்ணிக்கைக்குத் தக்க வரம்பு வைக்கட்டும். அதற்கு முன்னால், ஊசிக்கும் கையுறைக்கும் மருத்துவமனை வாங்கிய விலை எவ்வளவு என்று பில்லிலேயே போடச் சொல்லட்டும். இதற்கு எந்த நர்சிங் ஹோமும் மூடப்படாது.

பணத்தை யார் கொடுப்பது என்பதை முதலில் தீர்த்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும் என்பதற்கு இரண்டு மாநிலங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டமன்றம் நாட்டிலேயே முதன்முறையாக மருத்துவ உரிமைச் சட்டம் நிறைவேற்றியது. அவசரச் சிகிச்சைக்கு யாரும் முன்பணம் கேட்கக்கூடாது. எது அவசரம், செலவை அரசு எப்போது எப்படித் திருப்பித் தரும் என்பது தெளிவாக இல்லை. தனியார் டாக்டர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகளுக்கு விலக்கு என்று சமரசம் ஆனது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' வந்தது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கொடுக்கும். தொடங்கும்போது 1 லட்சம், பிறகு 2 லட்சம் வரை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். ஒரு வேலைநிறுத்தமும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கூட்டம், கழிப்பறை, ஸ்கேனுக்குக் காத்திருப்பு, அதட்டல், ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு, எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தில் தேர்வு எழுதி வந்த செவிலியர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணி நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள். வார்டில் ராத்திரி முழுக்க நிற்கிற பெண்ணுக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு நோயாளியிடம் சிரித்துப் பேசவில்லை என்று குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 2017 தேசிய நலக் கொள்கை 2025க்குள் அரசின் மருத்துவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. 2021-22இல், கொரோனாச் செலவெல்லாம் சேர்ந்தும், 1.84 சதவீதம்தான்.

இவ்வளவு குறையோடும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருத்துவம் பார்க்க சராசரியாக ஆன செலவு, 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, அரசில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். அட்டையை நீட்டித் தனியாரில் சேர்ப்பதைவிட அரசு ஆஸ்பத்திரியைச் செப்பனிடுவதுதான் அரசாங்கத்துக்கும் மலிவு என்று நான் நம்புகிறேன். தமிழ்நாட்டில் காப்பீட்டுத் தொகையை அரசு மருத்துவமனைகளும் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தது புத்திசாலித்தனமான ஏற்பாடு. அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குகிறார்கள், ஊழியர்களுக்கும் ஒரு பங்கு போகிறது. இதைப் பல மடங்கு பெருக்க வேண்டும்.

அக்டோபர் கிராம சபையில் நாங்கள் சிலர் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தோம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியாக இருக்கிற ஆய்வக நுட்பநர் இடத்தை நிரப்ப வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் பரிசோதனைக்குச் சர்க்கரைக்காரர்கள் டவுன் லேபுக்குப் போக வேண்டியிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ஓ.பி. நடத்த வேண்டும். மாதக் கடைசியில் இன்சுலின் தீர்ந்துபோகாமல் இருக்க, கிடங்கிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். தீர்மான நோட்டில் மூன்றும் ஏறியிருக்கின்றன. இன்சுலின் மட்டும் இப்போது தட்டுப்பாடில்லாமல் வருகிறது. மற்ற இரண்டும் மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார்கள். ஜனவரி 26 சபைக்கு நகலோடு போகிறோம். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அன்று அவருக்கு டயாலிசிஸ் இல்லை.